அரை மணி நேரம் யாரும் வாய் திறக்கவில்லை: ‘ரிஃபிஃபி’ பார்த்தவர்கள் வாருங்கள்

சயான் கோலிவாடா (சனி, இரவு 12.50)

தூக்கம் வரவில்லை, எழுதுகிறேன். இன்று இரவு அப்பாவும் நானும் ‘ரிஃபிஃபி’ பார்த்தோம். 1955இல் வந்த பிரெஞ்சுப் படம். பாரிஸில் நான்கு பேர் சேர்ந்து ஒரு நகைக்கடையில் கன்னம் வைக்கும் கதை. பார்க்காதவர்கள் முதலில் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். முடிவு உட்பட எல்லாவற்றையும் இங்கே போட்டு உடைக்கப்போகிறோம்.

அப்பா மும்பை மாட்டுங்கா ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தைந்து வருட இரைச்சல் அவர் காதைத் தின்றுவிட்டது. இப்போது இரண்டு காதிலும் கருவி. பிரெஞ்சு எங்கள் இருவருக்கும் தெரியாது. அடியில் ஓடும் ஆங்கில வரிகளை அந்த வேகத்தில் அவரால் படிக்க முடியாது. அதனால் பக்கத்தில் உட்கார்ந்து வசனங்களைத் தமிழில் உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தேன். முக்கால் மணி நேரத்தில் தொண்டை வறண்டுவிட்டது.

பிறகு அந்தக் காட்சி வந்தது. மேல்மாடி வீட்டுக்குள் நுழைகிறார்கள், கம்பளத்தைச் சுருட்டுகிறார்கள், தரையைக் குடைய ஆரம்பிக்கிறார்கள். பேச்சு இல்லை, பின்னணி இசையும் இல்லை. ஐந்து நிமிடம் போனது. பத்து நிமிடம் போனது. அப்பா வலது காதுக் கருவியைக் கழற்றி, தட்டிப் பார்த்து, மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு இடது காதுக் கருவி. “என்னடா, அவனும் பேசமாட்டேன் என்கிறான், நீயும் பேசமாட்டேன் என்கிறாய்?” என்றார். படத்திலேயே பேச்சு இல்லை என்று சைகை காட்டினேன். நம்பவில்லை. அந்த நேரம் பார்த்து ஹார்பர் லைனில் ஒரு ரயில் போனது. அது காதில் விழுந்ததும்தான் கருவி சரியாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார்.

ஏறத்தாழ அரை மணி நேரம் எனக்கு வேலையே இல்லை. அப்பா என் முகத்தை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இந்தப் படத்தை இன்னும் எத்தனை பேர் விரும்பிப் பார்த்திருக்கிறீர்கள்? அந்தக் காட்சியில் உங்களைப் பிடித்து உட்கார வைத்தது எது?

பழைய ரீல் (ஞாயிறு, காலை 7.15)

கொடுத்துவைத்த அப்பா. நான் முதலில் பார்த்தது தொண்ணூறுகளில், மரைன் லைன்ஸ் பக்கம் ஒரு திரையிடலில். வெளியே நல்ல மழை. அரங்கில் முப்பது பேர் இருந்திருப்போம், பாதிப் பேர் நனைந்த செருப்போடு. காட்சி தொடங்கிய சில நிமிடங்களில் இருமலைக்கூட அடக்கிக்கொண்டார்கள். நாம் சத்தம் போட்டால் திரையில் இருப்பவர்கள் மாட்டிக்கொள்வார்கள் என்பதுபோல.

படத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இயக்குநர் ஜூல்ஸ் தசான். பெயரைப் பார்த்துப் பிரெஞ்சுக்காரர் என்று எல்லோரும் நினைப்பார்கள். 1911இல் கனெக்டிகட்டில் பிறந்த அமெரிக்கர் அவர். கம்யூனிஸ்ட் வேட்டைக் காலத்தில் ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் சிக்கினார். 1951இல் நாடாளுமன்ற விசாரணைக் குழு முன்னால் அவர் பெயரைச் சொன்னவர்களில் ஒருவர், சக இயக்குநரான எட்வர்ட் டிமிட்ரிக். அதன் பிறகு தசானுக்கு அமெரிக்காவில் வேலை இல்லை, ஐரோப்பாவிலும் பயந்துகொண்டு யாரும் கொடுக்கவில்லை. 1950க்குப் பிறகு அவர் கையில் கிடைத்த முதல் படம் இதுதான்.

ஆக, கையில் காசில்லை, பெரிய நட்சத்திரம் இல்லை. கதாநாயகன் டோனியாக நடித்த ழான் செர்வேக்குக் குடியால் தொழில் சரிந்திருந்த நேரம். சிறையிலிருந்து வந்த, இருமிக்கொண்டே இருக்கும் அந்த முகத்துக்கு அலங்காரமே தேவைப்படவில்லை. தசானுக்கு வெயிலில் படம் எடுக்கப் பிடிக்கவில்லை. பாரிஸ் குளிர்காலத்தின் சாம்பல் வெளிச்சத்துக்காகக் காத்திருந்து எடுத்தார், தயாரிப்பாளர்கள் கையைப் பிசைந்தார்கள். அந்த வருடமே கான் விழாவில் சிறந்த இயக்குநர் விருது கிடைத்தது.

மூல நாவல் ஓகுஸ்த் லெ பிரெத்தோன் எழுதியது. அதில் இந்தக் கொள்ளை சில பக்கங்கள்தான். தசான் அதைப் படத்தின் முதுகெலும்பாக்கினார். அப்போது விமர்சகராக இருந்த த்ரூஃபோ, தான் படித்ததிலேயே மோசமான குற்ற நாவலிலிருந்து தான் பார்த்ததிலேயே சிறந்த குற்றப் படம் வந்திருக்கிறது என்று எழுதினார். நாவலாசிரியர் அதை எந்த முகத்தோடு படித்தாரோ!

அந்தேரி ஒலி (ஞாயிறு, காலை 9.40)

ஒலிக்கலவைக் கூடத்தில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் ஒரு திருத்தம். அந்தக் காட்சியில் பேச்சு இல்லை, இசை இல்லை, ஆனால் மௌனம் என்று ஒன்று கிடையவே கிடையாது. துணி சுற்றிய உளியின் ‘தொப்’, காரை உதிரும் ‘சொர்’, கயிறு இழுபடும் முனகல், மூச்சு. ஓரிடத்தில் தெரியாமல் பியானோவில் பட்டு ஒரே ஒரு கட்டை ஒலித்துவிடும். அதுவரை உங்கள் காது எவ்வளவு கூர்மையாகிவிட்டது என்பது அந்த ஒரு சுரத்தில்தான் தெரியும். என் தோள்பட்டை அப்படியே தூக்கிப் போட்டது.

எங்களிடம் வரும் படங்களில் ஒருவர் அலமாரியைத் திறந்தாலே முப்பது வயலின் அழுகிறது. “இடைவெளி விட்டால் ரசிகன் செல்போனை எடுத்துவிடுவான் சார்” என்பார்கள். இசையமைப்பாளர் ஜார்ஜ் ஓரிக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்று தசான் சொன்னார். ஓரிக் விடவில்லை, உன்னைக் காப்பாற்றவே எழுதுகிறேன் என்பதுபோல விரிவான இசைக்கோவை ஒன்றை எழுதி முடித்தார். தசான் அவரை உட்காரவைத்து இசையோடு ஒருமுறை, இசை இல்லாமல் ஒருமுறை போட்டுக் காட்டினார். பார்த்துவிட்டு ஓரிக்கே, இசையை எடுத்துவிடு என்றார். தான் எழுதியதைத் தானே வெட்டச் சொன்ன அந்த மனிதரின் படத்தை என் மேசைக்கு மேல் மாட்டி வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

புதியவன் 99 (ஞாயிறு, காலை 11.05)

எல்லோரும் புகழ்வதால் சொல்லவே பயமாக இருக்கிறது. நான் போன வாரம் பார்த்தேன். ஆரம்பத்தில் சீட்டாட்டம், சிகரெட், இரவு விடுதியில் ஒரு பாட்டு என்று இழுக்கிறது. கொள்ளை முடிந்த பிறகு குழந்தைக் கடத்தல், துப்பாக்கிச் சண்டை என்று எல்லாப் படத்திலும் வருவது வருகிறது. நடுவில் வரும் அரை மணி நேரமும் எனக்குப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ஒன்றுமே கேட்கவில்லை.

அந்தேரி ஒலி (ஞாயிறு, காலை 11.20)

தம்பி, எங்கே வைத்துப் பார்த்தீர்கள்?

புதியவன் 99 (ஞாயிறு, காலை 11.22)

கல்யாண் ஃபாஸ்ட் ரயிலில். செல்போனில். ஒன்றரை மடங்கு வேகத்தில்.

அந்தேரி ஒலி (ஞாயிறு, காலை 11.23)

வணக்கம்.

பெட்டகக்காரர் (ஞாயிறு, மதியம் 2.10)

சிரித்து முடித்துவிட்டு வருகிறேன். விக்ரோலியில் இரும்புப் பெட்டகம் செய்யும் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் இருந்தவன் நான். திருட்டுப் படம் என்றாலே எனக்கு எரிச்சல்தான் வரும். காதை வைத்துக் குமிழைத் திருகுவான், பத்து நொடியில் ‘கிளிக்’ என்று திறக்கும். எங்கள் தொழிலையே கேவலப்படுத்துகிற வேலை.

இந்தப் படத்தில் அது இல்லை. கதவுப் பக்கமே அவர்கள் அதிகம் போவதில்லை. பெட்டகத்தைச் சாய்த்து, பின்பக்கத்தைக் குடைகிறார்கள். ஏன்? பழைய பெட்டகங்களில் செலவெல்லாம் கதவுக்குத்தான். பூட்டு, தடித்த எஃகு, தாழ்க்கோல் எல்லாம் முன்னால். பின்னால் சுவர்தானே இருக்கப்போகிறது என்று தகடு மெல்லியதாக இருக்கும். வாசலில் சிங்கமுகக் கதவு வைத்துவிட்டுக் கொல்லைப்புறத்தில் படல் சாத்துகிற வீடுபோல. இப்போது ஆறு பக்கத்துக்கும் ஒரே தரம் பார்க்கிறார்கள், இரண்டு தகடுகளுக்கு நடுவே கான்கிரீட் கலவை ஊற்றுகிறார்கள். அந்தக் காலத்து வேலைக்கு அந்தக் காலத்துப் பெட்டகம், சரியாகத்தான் காட்டியிருக்கிறார்கள்.

எனக்கு இன்னும் பிடித்தது அதற்கு முந்தைய காட்சி. கடையில் இருக்கும் அதே வகை எச்சரிக்கை மணியை வாங்கிவந்து வீட்டில் வைத்துச் சோதிக்கிறார்கள். சின்ன அதிர்வுக்கே அலறுகிறது. இதைச் செய்து பார்க்கிறார்கள், அதைச் செய்து பார்க்கிறார்கள், தோற்கிறார்கள். கடைசியில் தீயணைப்பானின் நுரையை உள்ளே அடித்ததும் மணியின் தொண்டை அடைத்துப்போகிறது. அப்போது அவர்கள் முகத்தைப் பாருங்கள். எங்கள் சோதனைக்கூடத்தில் ஒரு மாதிரிப் பெட்டகம் தேறியதும் நாங்கள் நிற்கிற நிலை அது.

பட்டறைக் கணக்கு (ஞாயிறு, மாலை 4.30)

குடையைப் பற்றி யாருமே இன்னும் எழுதவில்லையே?

தரையில் கையளவு துளை போட்டதும், மடக்கிய குடையை அதன் வழியே கீழே விட்டு, கடைக்குள் விரியச் செய்கிறார்கள். அதன் பிறகு எவ்வளவு குடைந்தாலும் காரை எல்லாம் அந்தக் குடைக்குள் விழுகிறது, கீழே சத்தமில்லை. மும்பையில் குடை இல்லாத வீடு உண்டா? ஆனியில் தொடங்கிப் புரட்டாசி வரை சுமக்கிறோம், இப்படி ஒரு பயன் இருக்கிறது என்று எவருக்காவது தோன்றியதா?

நான் ஜவேரி பஜாரில் ஒரு நகைப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். வேலைக்காரர்கள் பெரும்பாலும் வங்காளிகள். ஒவ்வொருவர் மேசையிலும் பிறைபோல ஒரு வெட்டு இருக்கும், அதன் அடியில் தோல் தொங்கும். அரம் போடும்போது சிந்தும் பொன்துகள் எல்லாம் அந்தத் தோலில் விழும். மாலையில் தோலைத் தட்டி, மேசையைத் தூரிகையால் பெருக்கி, கை கழுவிய தண்ணீரைக்கூடத் தொட்டியில் சேர்த்து வைப்பார்கள். அதையும் தாண்டிப் போகும் துகளுக்காகச் சாக்கடைச் சேற்றை அள்ளி அரிக்கிற ஆட்கள் எங்கள் சந்தில் உண்டு. அந்தக் குடை விரிந்தபோது எனக்குக் கண்ணில் பட்டது அந்தத் தோல்தான். சிந்துவதைக் கீழே விடாத கை, பழகிய கை.

அதே நேரம், கெடுப்பது எது பாருங்கள். அவ்வளவு பெரிய கொள்ளையில் நால்வரில் ஒருவனான சேசர் யாருக்கும் தெரியாமல் ஒரே ஒரு மோதிரத்தைத் தனியாக எடுத்து, விடுதிப் பாடகிக்குக் கொடுக்கிறான். அதிலிருந்துதான் எதிரிக் கும்பல் நூல் பிடித்து வருகிறது. கிராம் கணக்கு எழுதுகிறவனுக்கு இது புதிய செய்தி இல்லை.

புதியவன் 99 (ஞாயிறு, மாலை 5.05)

குடை விஷயத்தைச் சோதித்துவிட்டேன்! எங்கள் வீட்டில் ஏசி குழாய்க்காகச் சுவரைத் துளைக்க ஆள் வந்திருந்தார். அடியில் அம்மாவின் குடையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாதி காரை குடைக்குள், பாதி என் தலையில். துளைப்பவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பையிலிருந்து ஒரு கொட்டாங்கச்சியை எடுத்தார். அதன் கண்ணில் துளைப்பான் முனையைச் செருகி, கொட்டாங்கச்சியின் வாய் சுவரோடு ஒட்டியிருக்கும்படி அழுத்தினார். அவ்வளவு தூளும் அதற்குள். அம்மா இன்னும் குடையைப் பற்றித் திட்டிக்கொண்டிருக்கிறார்.

தாராவி மகள் (ஞாயிறு, இரவு 8.45)

ரசித்துப் படித்தேன். குறுக்கே ஒன்று சொல்ல வேண்டும்.

சிறையிலிருந்து வந்த டோனி, தான் உள்ளே இருந்தபோது இன்னொருவனோடு போய்விட்ட மாதோவை வரவழைத்து, நகைகளைக் கழற்றச் சொல்லி, உடையையும் கழற்றச் சொல்லி, இடுப்புவாரால் அடிக்கிறான். அடி திரையில் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். அந்தேரி அண்ணன் இவ்வளவு எழுதினீர்கள், அந்தச் சத்தத்தைப் பற்றி ஒரு வரி இல்லையே? இதைச் செய்தவனைத்தான் அடுத்த ஒன்றரை மணி நேரம் நாம் நகத்தைக் கடித்துக்கொண்டு காப்பாற்ற நினைக்கிறோம். என்னால் முழுதாக முடியவில்லை. படம் அவனை மன்னிக்கச் சொல்கிறதா என்பதுகூட எனக்குத் தெளிவாகவில்லை. குழந்தையைத் தேடும் நேரத்தில் அவனுக்குக் கைகொடுப்பது அதே மாதோதான். எழுதியவர்களுக்கு அது வசதியாக இருந்திருக்கிறது என்றுதான் தோன்றுகிறது.

ஆனால் ஓரிடத்தில் படம் என்னை நிறுத்திவைத்தது. கூட்டாளி ஜோவின் குழந்தையை எதிரிகள் கடத்திய பிறகு, ஜோவின் மனைவி லூயீஸ் அவனிடம் பேசுவது. உன்னைப்போல வறுமையில் வளர்ந்த பிள்ளைகள் இலட்சக்கணக்கில் இருக்கிறார்களே, அவர்கள் எல்லோரும் ரவுடியாகவில்லையே, அவர்கள்தான் உண்மையில் தைரியசாலிகள், நீ இல்லை என்கிறாள். நான் தொண்ணூறு அடிச் சாலைப் பக்கம் பத்துக்குப் பத்து அறையில் வளர்ந்தவள். எங்கள் பேட்டையைப் பற்றி எடுக்கிற படங்களில் எல்லாம் துப்பாக்கி பிடித்தவன்தான் நாயகன். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து இட்லி அவித்து, அலுமினியப் பாத்திரத்தில் தூக்கிக்கொண்டு போன என் மாமாவைப் பற்றி ஒருவரும் படம் எடுக்கவில்லை. லூயீஸ் அவருக்காகப் பேசியதுபோல இருந்தது.

அந்தேரி ஒலி (ஞாயிறு, இரவு 9.10)

நியாயமான கேள்வி அக்கா. அந்தச் சத்தத்தை நான் தவிர்த்துவிட்டுத்தான் எழுதினேன். மறுபடி பார்த்தேன், இரண்டாம் முறை இன்னும் மோசமாக இருக்கிறது.

முலுண்ட் பெரியவர் (திங்கள், காலை 6.20)

பேசாமல் செய்த கொள்ளையைப் பற்றிப் பேசுகிறீர்கள். பேசியே அடித்த கொள்ளை ஒன்று நம் ஊரில் நடந்தது, இளையவர்கள் கேட்டிருக்கமாட்டீர்கள். 1987 மார்ச் 19. அப்போது எனக்கு ஓபரா ஹவுஸ் பக்கம் ஓர் அலுவலகத்தில் எழுத்தர் வேலை.

உளவு அதிகாரி, பாதுகாப்பு அதிகாரி வேலைக்குப் பட்டதாரிகள் தேவை என்று ஆங்கில நாளிதழில் ஒருவன் விளம்பரம் கொடுத்தான். தாஜ் ஹோட்டலில் வைத்து நேர்காணல் நடத்தி இருபத்தாறு பேரைப் பொறுக்கினான். மறுநாள் அவர்களை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு ஓபரா ஹவுஸில் ஒரு பெரிய நகைக்கடைக்குப் போனான். சிபிஐ சோதனை என்றான், தாளை நீட்டினான். கடையே கைகட்டி நின்றது. நகைகளை ‘மாதிரி’ என்று சொல்லிப் பைகளில் போட்டு முத்திரை வைத்தான். எல்லோரும் இங்கேயே காவலுக்கு நில்லுங்கள், இன்னோர் இடத்தில் சோதனையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பையோடு புறப்பட்டான். அவ்வளவுதான். இன்றுவரை அகப்படவில்லை. அந்த இருபத்தாறு பேரும் வேலை கிடைத்த சந்தோஷத்தில் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார்கள் பாவம். 2013இல் இந்தியில் ‘ஸ்பெஷல் 26’ என்று இதைத் தழுவிப் படமே வந்தது.

மறுநாள் முழுக்க எங்கள் அலுவலகத்தில் ஒரு வேலையும் நடக்கவில்லை. எங்கள் மேலாளர் மட்டும் ஒன்று சொன்னார்: “சுவரை உடைத்திருந்தால் பிடித்திருப்பார்கள். அவன் உடைத்தது சுவரை இல்லையே.” உளியும் வேண்டாம், குடையும் வேண்டாம், நாக்கு ஒன்றே போதும் அவனுக்கு. உங்கள் பாரிஸ்காரர்கள் பாவம், ராத்திரி முழுக்க வியர்வை சிந்தினார்கள்.

தமிழாசிரியை (திங்கள், பிற்பகல் 3.15)

பெரியவர் எழுதியதைப் படித்ததும் கை சும்மா இருக்கவில்லை. பாடம் நடத்திப் பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருட்டுக்கு இலக்கணம் கேட்டால் சிலப்பதிகாரத்தில் கொலைக்களக் காதையைப் பாருங்கள். கோவலனைப் பார்த்தால் திருடன்போலத் தெரியவில்லையே என்று காவலர்கள் தயங்குகிறார்கள். பொற்கொல்லன் சிரித்துக்கொண்டே அவர்களுக்கு வகுப்பு எடுக்கிறான். கள்வருக்குத் துணை எட்டு: “மந்திரம் தெய்வம் மருந்தே நிமித்தம் தந்திரம் இடனே காலம் கருவி.” முதல் நான்கை விட்டுவிட்டால் மீதி நான்கும் டோனியின் திட்டம்தான். இடம் மேல்மாடி, காலம் பின்னிரவு, கருவிக்கு உளியும் குடையும் நுரையும். தந்திரத்தைப் பெட்டகக்காரர் விளக்கிவிட்டார்.

அதோடு ஒரு கொள்ளைக் கதையும் சொல்கிறான். பகலில் தூதுவன் வேடத்தில் அரண்மனைக்குள் நுழைந்த ஒருவன், இரவில் பெண் வேடத்தில் பள்ளியறைக்குள் போய், விளக்கின் நிழலில் நடந்து, தூங்கும் இளவரசன் மார்பிலிருந்த வைர ஆரத்தைக் கழற்றுகிறான். இளவரசன் விழித்து வாளை உருவுகிறான். கள்வன் வாளின் உறையைக் கையில் எடுத்துக்கொண்டு, ஓங்குகிற ஒவ்வொரு வீச்சையும் அந்த உறைக்குள்ளேயே வாங்கிக்கொள்கிறான்! பிறகு ஒரு மணித்தூணைத் தான் நிற்பதுபோலக் காட்டிவிட்டு மறைந்துபோகிறான். விளக்கு நிழலில் ஓசையில்லாமல் நடக்கும் அந்த ஆளைப் படிக்கும்போது இனி எனக்குப் பாரிஸ்தான் கண்ணில் வரும்.

மதுரைக்காஞ்சி இன்னும் பழையது. இரவு மதுரையில் திரியும் கள்வரைச் சொல்லும்போது, செருப்பணிந்த அடி, நூலேணி, “நிலன் அகழ் உளியர்” என்று கருவிகளைப் பட்டியலிடுகிறார் மாங்குடி மருதனார். நிலத்தை அகழும் உளி! ஆனால் புகழ்ச்சியெல்லாம் அவர்களைப் பிடிக்கக் காத்திருக்கும் காவலருக்குத்தான்.

ஒன்றைக் கவனியுங்கள். திருட்டைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாகப் பேசும் அந்தப் பொற்கொல்லன்தான் உண்மையில் சிலம்பைத் திருடியவன். பேசாத கோவலன் வெட்டுப்படுகிறான்.

பழைய ரீல் (திங்கள், இரவு 10.30)

அம்மா, கடைசி இரண்டு வரியை மூன்று முறை படித்தேன். நான் எழுத நினைத்து ஒத்திப்போட்டுக்கொண்டிருந்தது அதுதான்.

சேசர் என்ற அந்தப் பூட்டுத் திறக்கும் இத்தாலியனாக நடித்தவர் யார் தெரியுமா? தசானேதான். நடிக்க வேண்டியவர் கிடைக்காமல்போகவே ‘பெர்லோ வீட்டா’ என்ற பெயரில் தானே இறங்கினார். அந்த சேசர்தான் எதிரியிடம் அகப்பட்டதும் பயந்து கூட்டாளியைக் காட்டிக்கொடுக்கிறான். விடுதியின் பின்பக்கத்தில் கட்டிப்போட்டிருக்கும் அவனை டோனி கண்டுபிடிக்கிறான். கோபம்கூட இல்லை. உன்னை எனக்குப் பிடிக்கும், ஆனால் நம் விதி உனக்குத் தெரியும் என்கிறான். சுடுகிறான்.

விசாரணைக் குழு முன்னால் நண்பர்கள் உட்கார்ந்து பெயர் சொன்னதால் நாடும் தொழிலும் இழந்த மனிதர், நான்கு வருடம் கழித்து, பெயர் சொன்னவனின் வேடத்தைத் தானே போட்டுக்கொண்டு, தன்னையே சுடச் செய்கிறார். கறுப்புப் பட்டியல் நினைவில் இருந்தது என்று தசானே பின்னாளில் பேசியிருக்கிறார். வேறு எவரையாவது அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் அது பழிவாங்கலாகத்தான் இருந்திருக்கும். தன்னையே நிறுத்தியதால் அந்தக் காட்சியில் பழியைவிடப் பயம் அதிகமாகத் தெரிகிறது. நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று அவர் கேட்டுக்கொண்டிருப்பார் என்பது என் ஊகம்.

இதை வைத்துப் பார்த்தால் புதியவன் தம்பி வழக்கமானது என்று ஒதுக்கிய இரண்டாம் பாதி வேறு மாதிரி தெரியும். நால்வரில் இன்னொருவனான மாரியோவையும் அவன் மனைவி ஈடாவையும் பாருங்கள். டோனியை வரவழை என்று எதிரிகள் மிரட்டி அவளைத் தொலைபேசியில் பேசவைக்கிறார்கள். அவள் வராதே என்று எச்சரித்துவிடுகிறாள். இருவரும் சாகிறார்கள். நுணல் தன் வாயால் கெட்டது சரி, வாயை மூடிக்கொண்டவர்களுக்கும் அதே கதிதான். தசானுக்கு அந்தக் கணக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

பெட்டகக்காரர் (திங்கள், இரவு 11.00)

இந்தப் படத்தைப் பார்த்துத் திருட்டு பெருகிவிட்டது என்று மெக்சிகோவில் தடை செய்தார்களாம். தசானோ, திருடுவது எவ்வளவு கடினம் என்றுதான் காட்டியிருக்கிறேன் என்று பதில் சொன்னார். அவர் பக்கம்தான் நான். அந்த அரை மணி நேரத்தில் ஒருவன்கூடச் சிரிக்கவில்லை. அவ்வளவு உழைப்பைப் போடத் தயாராக இருப்பவன் எங்கள் தொழிற்சாலையிலேயே வேலைக்குச் சேர்ந்திருக்கலாம்.

புதியவன் 99 (செவ்வாய், இரவு 1.35)

இப்போதுதான் முடித்தேன். அறையில் விளக்கை அணைத்து, மின்விசிறியையும் நிறுத்தி, சரியான வேகத்தில். வேர்த்துக் கொட்டியது, அது மின்விசிறியால் மட்டும் இல்லை. பியானோ வந்த இடத்தில் என்னை அறியாமல் வாயைப் பொத்திக்கொண்டேன்.

குழந்தைக் கடத்தல் இழுவை என்பதில் நான் இன்னும் உறுதியாகத்தான் இருக்கிறேன். ஆனால் கடைசி காரோட்டத்தை ரயிலில் எப்படித் தவறவிட்டேன் என்று தெரியவில்லை. குண்டடிபட்ட டோனி செத்துக்கொண்டே பாரிஸ் முழுக்கக் காரை ஓட்டி வருகிறான். பக்கத்தில் கௌபாய் உடை போட்ட சிறுவன் பொம்மைத் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு கும்மாளம் போடுகிறான். மரங்கள் தலைக்கு மேல் ஓடுகின்றன. வீட்டு வாசலில் வந்து நின்றதும் தாய் பிள்ளையை மட்டும் அள்ளிக்கொண்டு போகிறாள். அத்தனை பேரின் உயிரைக் குடித்த பணப்பெட்டி காரிலேயே கிடக்கிறது.

தாராவி மகள் (செவ்வாய், காலை 8.00)

லூயீஸ் அந்தப் பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கவனித்தீர்களா?

சயான் கோலிவாடா (புதன், இரவு 11.45)

எல்லோருக்கும் நன்றி. நீங்கள் எழுதியதை எல்லாம் சாப்பாட்டு நேரத்தில் அப்பாவுக்குப் படித்துக்காட்டினேன். பெட்டகத்தின் முதுகு பற்றிய இடத்தில் தலையை ஆட்டினார். கொட்டாங்கச்சிக்கு வாய்விட்டுச் சிரித்தார். பொற்கொல்லன் கதையைப் பாதியில் நிறுத்தி, “தெரியும், தெரியும்” என்றார்.

பிறகு தானாகவே சொன்னார்: “அந்த உளி பிடித்தவன் நடிகன் இல்லையடா, எங்கேயோ வேலை செய்தவன். ஓங்கி அடிக்கவில்லை, பார்த்தாயா? சுத்தியலின் கனத்தை மட்டும் விழவிடுகிறான். புதுப் பையன்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க எனக்கு இரண்டு மாதம் ஆகும்.” எழுந்துபோய்ப் பரண்மேல் இருந்த தகரப் பெட்டியிலிருந்து தன் பழைய உளியை எடுத்துவந்தார். தலை அடிபட்டு அடிபட்டுக் காளான்போல விரிந்திருந்தது. தன் துண்டின் நுனியை அதன்மேல் இரண்டு சுற்று சுற்றி, கல்லுரல் விளிம்பில் வைத்து மெதுவாகத் தட்டிப் பார்த்தார். கீழ்வீட்டுக்காரர்கள் எழுந்துவிடுவார்கள் என்று அம்மா அதட்டினார். யாரும் எழவில்லை.

இன்று இரவு மறுபடி அந்தக் காட்சியைப் போடச் சொன்னார். முழுப் படம் வேண்டாமாம், கம்பளத்தைச் சுருட்டும் இடத்திலிருந்து போதுமாம். போட்டேன். இருங்கள் என்று கையைக் காட்டினார். இரண்டு காதுக் கருவிகளையும் கழற்றி, டப்பாவில் வைத்து மூடி, ஜன்னலோரம் நகர்த்திவிட்டு, “ம், இப்போது விடு” என்றார்.